வீட்டோடு மாப்பிள்ளை

தொட்டிக் கூடத்தின் வாசலுக்கு வந்ததும் ரேடியோ அக்கா வாயை மூடிக்கொள்கிறார். செருப்பைக் கழற்றுகிறார். எவர்சில்வர் வாளியை வெளியே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கூடையில் உயிர் நண்டுகளோடு பூனை போல உள்ளே போகிறார். பலகை மறைப்புக்குப் பின்னால் நின்று, ஒரு குழாய் வழியாக நண்டுகளைத் தண்ணீருக்குள் நழுவ விடுகிறார். எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடு என்பது முகத்தில் தெரிகிறது.

அடிபட்ட கடல் உயிர்களைத் தேற்றி அனுப்பும் மையத்தில் அவருக்குச் சமையல் வேலை. அடுப்பில்லாத சமையல். ஓடு உடைந்த ஆமைக்குக் கணவாய், வழிதவறி வந்த கடல்நாய்க்கு முழு மத்தி. நறுக்கிக்கொண்டே பேசுவார்; நறுக்கி முடிந்த பிறகும் பேசுவார். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வீட்டில் மட்டும் மீனைத் தொடமாட்டார். "நாள் பூரா மத்தி மூஞ்சியிலயே முழிக்கிறேன், தட்டுலயும் அதையே பாக்கணுமா?"

அந்த வாயால்தான் வினை வந்தது. கிழிந்த வலையில் சிக்கி, முன்துடுப்பு அறுபட்டு வந்த ஓர் ஆண் ஆமை எதையும் தின்னாமல் மூலையில் கிடந்தது. "மாப்பிள்ளை முறுக்கு" என்றார் அக்கா. மோதிர விரலால் வாளியைத் தட்டி, "மாப்ள, கோவிச்சுக்காதீங்க, எந்திரிங்க" என்று நாள்தோறும் கெஞ்சினார். ஒருநாள் ஆமை தின்றது. பிறகு வாளி டிங்கென்றாலே தலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், மருத்துவரைத் தவிர.

"அக்கா, மனுஷ சத்தம்னாலே சாப்பாடுன்னு நினைச்சுட்டான். நாளைக்குக் கடல்ல படகு கிட்டயும் இப்படித்தான் போவான். அடியில விசிறி சுத்திட்டிருக்கும். மறந்தாத்தான் விடலாம். இல்லேன்னா இங்கேயே வீட்டோட மாப்பிள்ளைதான்."

அன்று முழுக்க ரேடியோ ஓடவில்லை. "ஊட்டி ஊட்டி நான்தான் கெடுத்தேன்" என்று மட்டும் கூட வேலை செய்யும் என்னிடம் சொன்னார். மறுநாளே பலகையை அடித்து மறைப்புக் கட்டினார். ஓர் ஆமைக்காக அவர் ஊமையானதைக் கேள்விப்பட்ட கணவர், வீட்டுக்கும் ஒன்று வாங்கலாமா என்று ஆசையாக விசாரித்தார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் பயந்தார். "அது எங்க நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு அத்தை? நாமதான் அது வீட்டுக்குள்ள வலையப் போட்டோம்."

நேற்று சோதனை. வாளியை எடுத்துவரச் சொன்னார் மருத்துவர். எதிர்மூலையில் ஆமை ஒரு நண்டைத் துரத்திக்கொண்டிருந்தது. அறுபட்ட துடுப்பும் நன்றாகவே வீசியது. அக்கா தொட்டி விளிம்பில் நின்று மோதிரத்தால் தட்டினார். டிங். ஆமை திரும்பவில்லை.

"கூப்பிட்டும் பாருங்க."

"மாப்ள" என்றார். மறுபடி, ஓங்கித் தட்டினார். ஆமை மேலே வந்து மூச்சு எடுத்தது. சத்தத்துக்குத்தான் வந்ததோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு அது தலையைக் கவிழ்த்து, அதே நண்டைத் தேடி அடியில் இறங்கியது.

"போதும் அக்கா. கடல்ல விட படகுக்குச் சொல்லிடறேன்" என்றார் மருத்துவர்.

அக்கா இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த வாளியை நெஞ்சோடு அணைத்து, உள்ளங்கையால் அதன் சத்தத்தைப் பொத்தினார்.