பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்குப் புருஷன் என்பது பெரும்பாலும் போனில் வருகிற ஒரு குரல்தான். என் வீட்டுக்காரர் டிரில்லர். மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். "சாப்பிட்டீங்களா?" என்று நான் இங்கிருந்து கேட்டால், பதிலுக்கு முன்னால் கம்ப்ரசர் சத்தம் வந்துவிடும்.

அந்த முறை அவர் ஊருக்கு வந்தபோது ஒன்றுதான் கேட்டேன். கொல்லிமலைக் காட்டுக்குள் ஏரி இருக்கிறது, பெடல் படகு விடுகிறார்கள், நாம் இரண்டு பேர் மட்டும் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம். சரி என்றார். அதோடு நிற்காமல் தன் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். காரியம் அங்கேதான் கெட்டது.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போவதில்லை, பல் பிடுங்கக்கூட வேன்தான். விடிந்ததும் அத்தை, நாத்தனார், அவள் பிள்ளைகள், ஒரு போசி நிறையப் புளிசோறு எல்லாம் ஏறியாயிற்று. நாமகிரிப்பேட்டை தாண்டி மலை ஏறும்வரை நான் யாரோடும் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் பெரிய கடுப்பு. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த பிள்ளைகளுக்குப் பை பிடித்ததும் நான்தான்.

நல்லவேளை, பெடல் படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் அத்தை மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். ரிக் லாரியானாலும் மொபெட்டானாலும் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்காமல் எங்கள் வீட்டு வண்டி எதுவும் நகராது.

"இதுக்குச் சக்கரமே இல்லீங்களே, எங்க வெப்பீங்க?" என்றார் படகுக்காரர்.

அத்தை படகை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு குனிந்து, மகன் காலடியில் பெடலுக்குக் கீழே பழத்தைச் செருகினார். "நசுக்கிட்டுப் போ சாமி."

பழம் நசுங்காமல் உருண்டு ஓரமாய் ஒதுங்கிக்கொண்டது. நாங்கள் ஏரி நடுவுக்குப் போனோம். அங்கே டவர் இல்லை. அவர் போனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

"அங்க எண்ணூறு அடி போட்டாலும் புகைதான் வருது. இங்க பாரு புள்ள, தண்ணி மேலயே சும்மா கெடக்குது" என்றார்.

சிரித்தேன். அவர் அங்கே தானே வைக்கிற சாம்பாரைப் பற்றிச் சொன்னார். அப்புறம், "நீ எப்படி இருக்கற?" என்று கேட்டார். போனில் தினமும் கேட்பதுதான், ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஊட்ல அத்தன பேர் இருக்கறாங்க. எனக்குத்தானுங்க பேச ஆளில்ல" என்று ஆரம்பித்தேன். கரையிலிருந்து விசில் ஊதினார்கள். நேரம் முடிந்துவிட்டதாம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கரையைப் பார்த்து, "பெடல் நகர மாட்டேங்குதுங்க. பழம் சிக்கிக்கிச்சு" என்று கத்தினார்.

கரையே கூடிவிட்டது. "போர்க்குழியில ஆயிரம் அடியில மாட்டுன ஹேமரையே எடுக்கறவன், ஒரு எலுமிச்சம்பழத்த எடுக்க முடியாம உக்காந்திருக்கறான் பாரும்மா" என்று நாத்தனார் சொன்னது எங்களுக்கே கேட்டது. இழுத்துப் போக இன்னொரு படகு வரும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கரையில் படகுக்காரர் பெடலை மிதித்துப் பார்த்தார். "இப்ப நல்லாத்தானுங்களே சுத்துது?"

"நடுவுலதாங்க சுத்தல" என்றார் இவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

மலை இறங்கும்வரை வேனில் அவரை ஓட்டித் தீர்த்தார்கள். தொழில்காரனுக்கு அதைவிட மானக்கேடு இல்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. எம்பழத்தாலதான் இப்படி ஆச்சு என்று வீடு வரை புலம்பினார்.

அடுத்த முறை அவர் வந்ததும் மறுபடி ஏரிக்கு என்று பேச்செடுத்தோம். வழக்கம்போல வேன் வந்தது. "இந்தத் தடவ பழம் கிழம் ஒண்ணும் வேண்டாஞ் சாமி" என்றார் அத்தை.

நான் முந்தின நாளே சந்தையில் வாங்கிக் கைப்பையில் போட்டு வைத்திருந்தேன். நல்ல பெரிய பழமாகப் பார்த்து.