சிவப்பு டேப் ஒட்டிய ரிமோட்

புது டிவியைச் சுவரில் மாட்ட, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப். படம் ஓடத் தொடங்கியதும் அவர் திரையைப் பார்க்கவில்லை, ரிமோட் பிடித்த என் கட்டைவிரலையே பார்த்தார்.

“எனக்குப் படம் துல்லியமா இருக்கணும். அதுக்குத்தான் சங்கரன்கோவில்ல ஒரு கடை விடாம ஏறி இறங்கினேன்,” என்று அவருக்கு விளக்கினேன்.

“சரி அண்ணாச்சி. நியூஸ் வைங்க, பாப்போம்.”

கால் மணி நேரம் அழுத்தினேன். திரையில் எழுத்தெல்லாம் சீன மொழிக்கு மாறியது, மிகத் துல்லியமாக.

அவர் சிரிக்கவில்லை. ரிமோட்டை வாங்கி, மூன்று பொத்தான்களில் மட்டும் டேப்பை வெட்டி ஒட்டினார். “இந்த மூணு போதும். யாராவது கேட்டா, வீட்டுல வயசானவங்களுக்காக ஒட்டினதுன்னு சொல்லிக்கிடுங்க.”

எங்கள் வீட்டில் என்னைவிட வயதானவர் யாரும் இல்லை. வருகிறவர்களிடம் இன்றும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.