பேராவூரணியில் ஒரு சனிக்கிழமை: லினக்ஸ் கருவியும் க்ளவுட் கேமிங்கும்

குடியரசு தினம் திங்கட்கிழமை வந்ததால் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு நான்காக்கினேன். முந்தைய பதிவில் ஒரு வாசகர், "சென்னையைத் தாண்டினால் க்ளவுட் கேமிங் வேலை செய்யுமா?" என்று கேட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வரலாமே என்று தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுத்தேன். இது நான் அலுவலகத்தில் சொன்ன காரணம். விடுமுறையில் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒன்றரை வருடமாக அந்த இரண்டு படுக்கையறை வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். என்னிடம் இருப்பது கையில் பிடித்து விளையாடும், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கேம் கருவி, பழைய மாடல். பெரிய கேம்கள் அதில் நேராக ஓடினால் மூச்சுத் திணறும். அதனால் க்ளவுட். கேம் ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில். நம் கையில் இருப்பது படத்தைக் காட்டும், அழுத்தும் பொத்தானைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். நான் பயன்படுத்தும் சேவைக்கு லினக்ஸில் தனிச் செயலி கிடையாது. பிரவுசர் வழியாகத் திறந்து, அதையே கேம் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறேன். நெட் நன்றாக இருந்தால் வித்தியாசமே தெரியாது. இல்லாவிட்டால் கையில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பிளாஸ்டிக்.

இன்னொரு விளக்கமும் வேண்டும். என் மகள் இனியாவுக்குப் பத்து வயது. அம்மாவோடு மெல்போர்னில் இருக்கிறாள். சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி எங்கள் நேரம். அங்கே மாலை ஏழு. வெறுமனே வீடியோ கால் பேசினால் "ம்", "சாப்பிட்டேன்", "ஒண்ணுமில்ல" என்பதைத் தாண்ட மாட்டாள். கேம் விளையாடினால் பேசுவாள். இரண்டு பேர் ஒரு படகை ஓட்டிக்கொண்டு தீவு தீவாகப் போகும் கேம் அது. அவள் சுக்கான், நான் பாய். எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருந்தோம். இன்னும் ஒரே ஒரு தீவுதான் பாக்கி.

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு லாட்ஜ், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். அறை சுத்தம், வைஃபை சுமார். லாட்ஜ் வைஃபைகளில் ஒரு பக்கம் திறந்து போன் நம்பர் கேட்கும் அல்லவா, கேமிங் மோடில் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. டெஸ்க்டாப் மோடுக்குப் போய்த்தான் நுழைய வேண்டும். நுழைந்த பிறகும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. போன் ஹாட்ஸ்பாட் எவ்வளவோ தேவலை. சாயங்காலம் புது ஆற்றங்கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் தனியாக விளையாடினேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. தனியாக விளையாடினால் சுக்கானைக் கணினி பிடித்துக்கொள்ளும். அது எங்கேயும் தவறாகத் திருப்பாது, கத்தாது, "அப்பா, பாறை!" என்று அலறாது. மேட்டூர் மூடும் நாள் நெருங்கிவிட்டதால் ஆற்றில் தண்ணீர் அரைக்கரைக்குத்தான் ஓடியது. எதிர்க்கரையில் ஒரு குடும்பம் துணி அலசிவிட்டுக் கிளம்பும்வரை இருந்துவிட்டு நானும் எழுந்தேன்.

இதற்கு முன், அன்று மதியம் பாபநாசம் போய் வந்திருந்தேன். கும்பகோணம் பேருந்தில் இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். சாலையை அடைத்துக்கொண்டு அறுவடை மெஷின்கள் போனதால் ஒரு மணி நேரமானது. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. சாலையோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் கருவியை எடுத்ததும் பக்கத்தில் இருந்த விவசாயி எட்டிப் பார்த்தார்.

"ட்ரோன் ரிமோட்டுங்களா? உளுந்துக்கு மருந்தடிக்க வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. இது கேம் விளையாடுறது."

"அட! நான் ரெண்டு நாளா ட்ரோன்காரருக்குத்தான் காத்துக் கெடக்கேன். நீங்கதானாக்கும்னு பாத்தேன்." சிரித்தார். "யாரோட வெளையாடுவீங்க?"

"பொண்ணோடங்க. ஆஸ்திரேலியாவுல இருக்கா."

"அங்கேருந்து இங்கயா!" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு என் முகத்தில் என்ன கண்டாரோ, மேற்கொண்டு கேட்கவில்லை. "டீ ஆறுதுங்க, குடிங்க," என்றார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பட்டுக்கோட்டை பேருந்து. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரை மணி நேரம். அங்கே பரோட்டா சாப்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தில் பேராவூரணி, இன்னும் இருபத்தைந்து. ஒரத்தநாடு தாண்டிய பிறகு வயல் குறைந்து தென்னை கூடிக்கொண்டே போகும். பேராவூரணியிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே ஒரு தோப்பு வீட்டில் அறை பிடித்திருந்தேன். அதிவேக ஃபைபர் வைஃபை உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதற்காகவே பிடித்தது.

போய்ச் சேரும்போது பன்னிரண்டே கால். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் முருகையன் கேட்டைத் திறந்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"சார், வைஃபை மட்டும் இல்லைங்க. காலையில மட்டை விழுந்து கேபிள் அந்துபோச்சு. ஆளு வர சாயங்காலம் ஆயிரும்."

போனில் சிக்னலைப் பார்த்தேன். ஒற்றைக் கோடு. மாடிக்குப் போனேன், மோட்டார் கொட்டகை வரை நடந்தேன், தோப்பின் எல்லை வேலி வரை போனேன். ஒற்றைக் கோடு இருந்தது, இல்லாமலும் போனது. எட்டு மாதத்தில் நான் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. அவளோடு பேச வேறு எந்த நாளும் எனக்கு இல்லை என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் வரவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்?

முருகையன்தான் ஆட்டோவைக் கூப்பிட்டார். "கேபிள் ஆபீசுக்கே போயிருங்க. அங்கேருந்துதான எல்லாருக்கும் நெட்டு வருது," என்றார். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

கடைத்தெருவில் ஒரு மெடிக்கலுக்குப் பக்கத்தில் அந்த அலுவலகம். ஒரே அறை, சுவர் முழுக்க வயர், விளக்கு மினுக்கும் பெட்டிகள். பட்டுச் சேலையில் ஒரு அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், பெயர் ஸ்டெல்லா என்று பின்னால் தெரிந்தது. தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம், விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்கு மேல வாங்க தம்பி. ஆளுங்க லைன் பாக்கப் போயிருக்காங்க. நானும் கெளம்பிட்டேன்."

"அக்கா, எனக்கு லைன் வேண்டாம். ஒரு மணி நேரம் உள்ள உக்காந்துக்கட்டுமா? பொண்ணு வெளிநாட்டுல காத்துக்கிட்டிருக்கும்."

"பேசத்தானே? தெருவுல நின்னாலே டவர் கெடைக்குமே."

"பேச இல்லக்கா, அதுக்கு டவர் போதும். விளையாட."

வாயை விட்டு வெளியே வந்த பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. நாற்பத்தோரு வயது ஆள். அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாரா வாரமா?"

"ஆமாக்கா."

ஷட்டரைத் திரும்பத் தூக்கினார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொடுத்தார். "வைஃபைய விட இது நிக்கும். கேட்டீங்களா, அந்த செவப்பு சுவிட்ச மட்டும் தொட்ராதீங்க, ஊருக்கே போயிரும். முடிஞ்சதும் பூட்டி சாவிய பக்கத்து மெடிக்கல்ல குடுங்க." வெளியிலிருந்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றரைக்கு நான் தயார். வயர் வழியாக வந்த படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்று ஐம்பதுக்கு இனியா வந்தாள். போன் ஸ்பீக்கரில் அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குழந்தை சிரிப்பது கேட்டது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லு."

"நான் முடிச்சிட்டேன். நேத்து. ஸோயியோட. அவ இங்க தங்க வந்தா, நாங்க சும்மா போட்டோம், அப்புறம் முடிஞ்சிருச்சு."

"நல்லதுதானே," என்றேன். "எப்படி இருந்துச்சு?"

"வா, காட்டுறேன்."

காட்டினாள். எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே காற்று மாறும் எல்லாம் தெரிந்திருந்தது. நான் பாயைத் தொடும் முன்பே "இப்ப இழு, இப்ப விடு" என்றாள். ஐந்தாவது நிமிடம் கடைசித் தீவு. விளக்கு எரிந்தது, இசை வந்தது, பெயர்கள் ஓடின. மெல்ல மேலே போய்க்கொண்டிருந்த அந்தப் பெயர்களை நாங்கள் இருவரும் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடுத்து என்ன கேம் போடலாம்?" என்று கேட்டேன்.

"தெரியல. அடுத்த வாரம் பீச் போறோம்."

"விளையாடாம சும்மா பேசலாமா?"

யோசித்தாள். "என்ன பேசறது?"

கிண்டல் இல்லை, உண்மையிலேயே கேட்டாள். கண்ணில் பட்டதைச் சொன்னேன்: "நான் இப்ப ஒரு கடைக்குள்ள தனியா உக்காந்திருக்கேன். ஷட்டர் போட்டிருக்கு."

"யாரோட கடை?"

"தெரியாதவங்க கடை."

"ஏன் உன்ன உள்ள விட்டாங்க?"

"நீ காத்திருக்கேன்னு சொன்னேன்."

"அதுக்கு விட்டுட்டாங்களா?" என்றாள். "நான் லேட்டா வேற வந்தேன்." பிறகு அம்மா சாப்பிடக் கூப்பிட, இனியா "பை ப்பா" என்றாள், அவ்வளவுதான்.

இரண்டேகால். சேவை என்னைத் தானாக வெளியே தள்ளும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வயரைச் சுருட்டி வைத்து, பூட்டி, சாவியை மெடிக்கலில் கொடுத்தேன். தோப்பு வீட்டுக்குப் போனபோது வைஃபை வந்துவிட்டிருந்தது. மறுநாளும் அங்கே தங்கினேன். கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: தஞ்சாவூர், பட்டுக்கோட்டை ஊருக்குள் போன் நெட் போதும். பேருந்தில் முயலாதீர்கள். தோப்புக்குள் எதையும் நம்பாதீர்கள். முன்பதிவுக்கு முன் போன் பண்ணி, நெட் இன்றைக்கு வேலை செய்கிறதா என்று கேளுங்கள். படத்தின் தரத்தை 720-க்குக் குறைத்துவிடுங்கள், அந்தச் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. அப்படியும் தினசரி டேட்டா அரை மணி நேரத்தில் தீரும். வயர் சொருகும் அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். எனக்கு அதுதான் கைகொடுத்தது. க்ளவுட்டில் விளையாடும்போது பேட்டரி இரண்டு மடங்கு வரும். துணைக்கு ஆள் இருந்தால் ஊர் இன்னும் நன்றாக இருக்கும். இல்லாவிட்டாலும் பார்க்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அவள் பீச்சில் இருந்தாள். அதற்கு அடுத்த வாரம், சனிக்கிழமைகூட இல்லை, புதன்கிழமை, நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை, போன் அடித்தது. கடைவாய்ப் பல் ஒன்று விழுந்துவிட்டதாம். வாயை முடிந்தவரை பெரிதாகத் திறந்து காட்டினாள். என் பக்கம் படம் நின்று நின்று வந்தது. தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியுது, இன்னும் கொஞ்சம் காட்டு என்றேன்.