நான் அழித்த மார்க் பட்டியல்

பல்லடம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். எல்லா வகுப்பு மார்க்கும் ஆன்லைனில், என் சொந்தக் கணக்கில்தான் இருந்தது. காகிதத்தில் எதுவும் கிடையாது.

ஒரு பெற்றோர் கூட்டத்தில் தாளாளர், தான் செய்த தவறை என் தலையில் கட்டி, எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். அன்றே வேலையை விட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாம் வகுப்பின் மார்க் முழுவதையும் அழித்தேன். அவர் தவிப்பதை நினைத்து நினைத்து நான்கு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அந்த வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா போன் செய்தார்; பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்.

"டீச்சர், மார்க்கெல்லாம் காணாமப் போயிருச்சாமுங்க. எல்லாப் பரீட்சையும் மறுபடி எழுதோணும்ங்கறாங்க. பாப்பா சோறு திங்காம அழுதுட்டே இருக்குதுங்க."

உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அழித்த கோப்புகள் முப்பது நாள் வரைதான் அந்த ஆன்லைன் கணக்கின் குப்பைத் தொட்டியில் கிடக்கும். திறந்து பார்த்தேன். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் மீட்டு, பள்ளிக்கு நேரில் போய்த் தாளாளரிடம் கொடுத்தேன்.

"நான்தானுங்க அழிச்சேன். அன்னைக்கு நீங்க பேசினதுக்கு" என்றேன். தாளாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் மட்டும் கேட்டேன்.

இப்போது காங்கேயத்தில் வேறு பள்ளி. சேர்ந்த அன்றே மார்க் வைக்கும் கணக்கைப் பள்ளியின் பெயருக்கு மாற்றச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் மார்க் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று தலைமையாசிரியையின் பீரோவுக்குப் போகிறது. எதையும் அழிக்கும் அனுமதி எனக்கு வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். அந்தத் தாளாளர் மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை.