வலையோடு ஒரு படம்

யுத்தநிறுத்தம் என்றார்களே என்று கொழும்பிலிருந்து தனியாகத் திருகோணமலைக்குக் கடல் பார்க்க வந்திருக்கிறேன். துறைமுகக் கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மீன்பிடிப் படகொன்றில் ஏறுகிறார்கள். அவர்களது பெட்டியில் ஐஸும் பியரும் இருக்கின்றன. எனக்கு வயிறு எரிகிறது. படகுக்காரரின் வலை மணலில் கிடக்கிறது.

“அண்ணை, காசு தாறன். நானும் வரலாமோ?”

“குறை நினையாதையுங்கோ தம்பி. வெள்ளைக்காரர் இருந்தால் நேவி மறிக்காது. உங்கட அடையாள அட்டையில தமிழ்ப் பேரைப் பார்த்தால் எல்லாரையும் திருப்பிப் போடுவாங்கள்.”

“மீனுக்குப் போறேல்லையோ?”

“வலையோட போக நேவி இன்னும் விடேல்லை. இவையை ஏத்தினால்தான் எனக்கும் கடல்.”

படகு நகர்கிறது. அந்தப் பெண் திரும்பி, என்னையும் வலையையும் சேர்த்துப் படமெடுக்கிறாள். உள்ளூர் மீனவன் என்று நினைத்திருப்பாள். நானும் சிரித்துக் கையசைக்கிறேன்.