ஸ்டெல்லா எழுதிய பச்சை வட்டம்

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ துப்புத் துலக்கிச் சொன்ன மாதிரி ஆகக் கூடாது. தவளக்குப்பம் முக்கில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், இன்று வில்லியனூரில் பதினெட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறோம். பாகூர்ப் பக்கம் எந்த மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தாலும், சுவரில் தொங்கும் பெட்டியில் ‘குழந்தைவேல்’ என்று என் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இங்கே எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை, ஸ்டெல்லாவைப் பற்றி.

ஸ்டெல்லா எங்கள் ஊர்தான், மாதா கோயில் தெரு. அப்பா மில் தொழிலாளி. பாலிடெக்னிக் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம் இருந்தாள். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற பெட்டிக்குள் ஓடும் மெனுவை எழுதுவது அவள் வேலை. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதும் இல்லை. அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தாள். ஒரே வாரத்தில் சாப்பாட்டை நிறுத்தி, வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்று சைகை காட்டிவிட்டார் மனுஷன். அதனால் தினமும் ஒரு மணிக்கு ஸ்கூட்டரில் போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு இரண்டு மணிக்கு வருவாள். இப்படி நடுவில் போய்வர விடுகிற வேலை அவளுக்கு எங்கே கிடைக்கும்? என்னிடம் கிடைத்தது.

ஸ்டார்ட்டர் பெட்டியில் தொடுதிரை வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. வோல்டேஜ் எவ்வளவு, போரில் தண்ணீர் இருக்கிறதா என்று தமிழிலேயே காட்டும். நடுவில் ஒரு வட்டம். மோட்டார் நின்றிருந்தால் பச்சை, ஓடினால் சிவப்பு. பச்சையைத் தொட்டால் ஓடும், சிவப்பைத் தொட்டால் நிற்கும். உள்ளே ஓடுகிற எழுத்தெல்லாம், புரோகிராம் என்கிறார்களே அது, ஸ்டெல்லா எழுதியது. ஆறு மாத வேலை. பாகூரில் பத்துப் பேர் கொட்டகையில் சும்மா மாட்டிக் கொடுத்தோம், பழகிப் பார்க்கட்டும் என்று.

பத்தே நாளில் பத்துப் பேரும் போன் போட்டார்கள். தொட்டால் மோட்டார் எடுக்கவில்லை. ஒரு தடவை எடுக்கிறது, நாலு தடவை எடுக்க மாட்டேன் என்கிறது. சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாற்பது வருஷத்தில் என் பெட்டியை யாரும் குறை சொன்னதில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “ஞாயித்துக்கெழம மத்தியானம் அவங்க பத்து பேரும் தனக்கொடி கொட்டாயில கூடுறாங்க. அதுக்குள்ள சரியாவலன்னா எல்லாத்தையும் கழட்டிட்டு பழைய பட்டன் பெட்டியே மாட்டிடுவேன். அதோட இந்தத் திரை வேலையே நமக்கு வேணாம்.”

திரை வேலை இல்லை என்றால் அவளுக்கு என்னிடம் வேலை இல்லை. சென்னைதான். அப்பாவைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவளும் வயரிங் பார்க்கும் ஷேக் ஃபரீதும் குட்டி யானை வண்டியில் பாகூர் போனார்கள். தனக்கொடி அறுபதைத் தொடும் பெண்பிள்ளை. புருஷன் போன பிறகு தனி ஆளாக நின்று பயிர் வைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். ஸ்டெல்லா போய் வட்டத்தைத் தொட்டதும் மோட்டார் ஓடியது. நிறுத்திவிட்டு மறுபடி தொட்டாள், ஓடியது. இருபது தடவை தொட்டாள், இருபது தடவையும் ஓடியது.

“நீ தொட்டா மட்டும் ஓடுது. என் கை இன்னா சாணியாம்மா?” என்றாளாம் தனக்கொடி.

ஃபரீத், “உன்ன பாத்து பயப்படுதுக்கா” என்றிருக்கிறான். வண்டியைப் பார்த்து மண்ணாங்கட்டி பறந்ததாகச் சொன்னான்.

ஸ்டெல்லா திரையை மாற்றினாள். புதன்கிழமை மறுபடி போனாள். ஈரக் கையாக இருக்குமோ என்று கையை நனைத்துத் தொட்டுப் பார்த்தாள். சேற்றைப் பூசித் தொட்டாள். ஓடியது. வியாழனன்று மின்சாரத்தைச் சந்தேகப்பட்டாள். வெயிலில் போய் வெயிலில் வந்து முகம் கறுத்து, பேச்சும் குறைந்துவிட்டது. சோறு ஊட்டும் நேரம் தவறி, இரண்டு நாள் பக்கத்து வீட்டு ரோஸ்லின்தான் அவள் அப்பாவுக்கு ஊட்டினாளாம்.

சனிக்கிழமை நானும் போனேன். கண்டுபிடித்தது நான்தான் என்று எழுத ஆசைதான். என் தொழிலில் என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்குத் தப்பியது.

அன்று ஸ்டெல்லா பெட்டியைத் தொடவே இல்லை. களைப்போ என்னவோ, கொட்டகைத் தரையில் உரச்சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்களே போடுங்கக்கா. நான் சும்மா பாக்கறேன்.”

தனக்கொடி போய்க் கட்டைவிரலை வட்டத்தில் வைத்து அமுக்கினாள். எடுக்கவில்லை. அமுக்கிக்கொண்டே கழுத்தைத் திருப்பி, வெளியே தொட்டியில் விழும் குழாய் வாயைப் பார்த்தாள். விரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. தண்ணீர் வரவில்லை. “த்தூ” என்றாள்.

“இன்னொரு வாட்டி போடுங்கக்கா” என்றாள் ஸ்டெல்லா. மறுபடி அதே. அப்புறம் ஸ்டெல்லா தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

பழைய பெட்டியில் பச்சைப் பட்டனை அமுக்கி, மோட்டார் சத்தம் நிதானத்துக்கு வரும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னாலேயே விட்டால் மோட்டார் திணறும். இங்கே எல்லாருக்கும் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. அப்படிப் பழக்கியதே என்னைப் போன்றவர்கள்தான். பட்டணத்துப் பிள்ளை போனைத் தட்டுகிற மாதிரி தட்டுகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை.

ஸ்டெல்லா எனக்கு விளக்கினாள். திரையில் வட்டமும் எழுத்தும் வரைவதற்கென்றே யாரோ எழுதிவைத்த கிராஃபிக்ஸ் லைப்ரரி ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. விரலுக்கு என்ன நடந்தாலும் அது ஒரு தகவல் அனுப்பும், அதற்கு ஈவென்ட் என்று பெயர். விரல் பட்டது என்று ஒன்று. ரொம்ப நேரம் பிடித்திருக்கிறது என்று ஒன்று. வழுக்கி வெளியே போய்விட்டது என்று ஒன்று. பட்ட இடத்திலேயே விரலை எடுத்தால்தான் ‘கிளிக்’. அவள் எழுதியது கிளிக் வந்தால் மட்டும் காது கொடுக்கும். தனக்கொடி விரல் அனுப்பிய மற்ற எல்லாம் குப்பைக்குப் போயிருக்கிறது.

“அப்ப புடிச்சிட்டு இருக்கிறதுக்கும் காது குடு” என்றேன்.

அவள் மடிக்கணினியைச் சாக்கின் மேல் வைத்து அங்கேயே மாற்றினாள். பச்சையை அரை நொடி பிடித்தாலே மோட்டார் எடுக்கும்படி. ஃபரீத், “விரலை நவுத்தாம புடிக்கா” என்று பக்கத்தில் நின்றான். தனக்கொடி பிடித்தாள். மோட்டார் எடுத்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது. ஃபரீத் விசிலடித்தான். தனக்கொடி விரலை எடுத்தாள். மோட்டார் நின்றுவிட்டது.

தனக்கொடி என் பக்கம் திரும்பினாள்.

“தண்ணி பாயிற வரிக்கும் நான் இங்கியே விரல வெச்சிகினு நிக்கணுமா?” என்றாள் தனக்கொடி. “சோறு தண்ணி இங்கியே குடுத்தனுப்பு குழந்தவேலு.”

மடிக்கணினியில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது வண்டியில் ஸ்டெல்லா ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் மனதில் சென்னை ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். கழற்றிவிடுவேன் என்று சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கலாமா என்று யோசித்தேன். நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பேசாமலே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் போகாமல் பட்டறைக்கு வந்துவிட்டாள். நான் போகும்போது மேஜையில் வெறும் திரையை வைத்துத் தனக்கொடி மாதிரியே கழுத்தைத் திருப்பி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“கண்டுபிடிச்சிட்டேன் சார். எவ்ளோ நேரம் புடிச்சிருந்தாலும், அந்த எடத்துலயே எடுத்தா கடைசில அது கிளிக்கும் அனுப்புது. புடிச்சதும் மோட்டார் ஓடுது, வட்டம் செவப்பா மாறிடுது. எடுக்கும்போது வர்ற கிளிக் செவப்பு மேல விழுது. செவப்புன்னா நிறுத்துன்னு நான்தானே எழுதி வெச்சேன்.”

“இப்ப?”

“மோட்டார் எடுத்ததும், இந்த விரலை முழுசா எடுக்குற வரைக்கும் இது சொல்ற எதையும் கேக்காதன்னு எழுதிட்டேன். ஒரே ஒரு வரி சார்.” ஆறு நாள் அலைச்சல் அந்த ஒரு வரி.

மத்தியானம் பத்துப் பேரும் கொட்டகை வாசலில் நின்றார்கள். வீரப்பன் என்பவர் பழைய பெட்டியைத் துடைத்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். ஸ்டெல்லா ஓரமாக நின்றாள். தனக்கொடி கட்டைவிரலை வைத்துக் கழுத்தைத் திருப்பினாள். மோட்டார் எடுத்தது. சத்தம் நிதானத்துக்கு வந்தது. விரலை எடுத்தாள். தண்ணீர் நிற்கவில்லை. விரல் வழுக்கும்படி ஒரு தடவை, வழுக்காமல் ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை என்று ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தாள். ஓடிக்கொண்டே இருந்தது.

“இருக்கட்டும்” என்றாள் கடைசியில். மடையைத் திருப்ப மண்வெட்டியோடு போய்விட்டாள்.

வீரப்பனும் இன்னொருவரும் திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டுப் பேர் வைத்துக்கொண்டார்கள். எட்டுப் பெட்டியிலும் புது எழுத்தை ஏற்றி முடிக்க மூன்றரை மணி நேரம் ஆனது.

மாதா கோயில் தெரு முனையில் அவளை இறக்கிவிட்டேன். “திரை வேலை நிக்காதும்மா. நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு, அடுத்த அம்பது பெட்டி பேசணும்” என்றேன்.

ஸ்டெல்லா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

“நாளைக்கு வேணாம் சார். செவ்வாக்கெழம வரேன். அப்பாவுக்கு ஊட்டிட்டு நான் தூங்கணும்.”

என் பட்டறையில் திங்கட்கிழமை லீவு கேட்டவர் யாருக்கும் நான் கொடுத்ததில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தெருவுக்குள் நடந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை வந்தாள்.