வெறுங்கலத்தில் அவிந்த இட்லி

எங்கள் வீட்டு இட்லிப் பானையின் வயிற்றில் ஒரு நாவலின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ‘வெறுங்கலம்’ என்பது முதல் வரி. அதற்குக் கீழே என் அண்ணியின் பெயர், ‘திருமதி’ சேர்த்து. அதற்கும் கீழே, வெட்டியவர் இடம் போதாமல் நெருக்கியடித்துப் பதித்த ‘சிறந்த மனையியல் நூல்’. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மூடியைத் திறக்கும்போது அதிலிருந்து வழியும் வெந்நீர் அந்த மூன்று வரிகளின் மேல்தான் இறங்குகிறது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. பொறுக்காமலே எட்டு இட்லி தின்கிறேன் என்பது வேறு விஷயம். கொள்கையையும் சாம்பாரையும் ஒரே தட்டில் போட்டுக்கொள்கிற வழக்கம் எனக்கில்லை.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது எங்கள் ஆட்களின் பழைய பழக்கம். கல்யாணமோ சடங்கோ, சீர் கொடுக்கிறவர் பெயர் இல்லாமல் ஒரு தம்ளர்கூட வீட்டுக்குள் வராது. இரவல் போன சட்டி திரும்பி வருவதற்காக என்பார்கள். யார் என்ன செய்தார்கள் என்று சாகும்வரை சொல்லிக்காட்டுவதற்காக என்பது என் கணிப்பு. எப்படியானாலும் வெட்டினது வெட்டினதுதான். முறிந்துபோன சம்பந்தங்களின் பெயர்களோடு எத்தனையோ வீடுகளில் இன்னும் ரசம் கொதித்துக்கொண்டிருக்கிறது. என் அண்ணியின் நாவல் அப்படித்தான் எங்கள் அடுப்பில் ஏறியது.

அண்ணி கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆற்றோரத்து நீரேற்று நிலையத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறவர். வீடு அம்பிட்டியவில். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ், நடுவில் கண்ணாடிக் குழாய்களில் மகாவலி. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுக்கிற தண்ணீரை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதனால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றும், மீதிப் பேர் கண்பார்வை குறைந்தவர் என்றும் நம்பினார்கள். அவர் கதை எழுதுகிறார் என்பது தெரிந்தபோது இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்துகொண்டது.

அவர் எழுதியது விண்வெளிக் கதை. இந்த நாட்டில், தமிழில், ஒரு வருஷத்தில் பெண்கள் எழுதிப் பரிசுக்குத் தகுதி பெறும் அறிவியல் புனைகதைகளையும் மாயக் கதைகளையும் பட்டியல் போடச் சொன்னால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தாராளமாகக் காணும். மிச்ச இடத்தில் மளிகைச் சாமான் எழுதலாம். நான் நாலு புத்தகம் போட்ட நகைச்சுவை எழுத்தாளன். கையெழுத்துப் பிரதியை எழுத்துப்பிழை பார்க்கத்தான் என்னிடம் கொடுத்தார். ஒரே மூச்சில் படித்துவிட்டு, நான் எழுதிய நாலையும் எடுத்து அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன்.

கதை இதுதான். ஒரு கோளில் வேலைக்கு என்று ஒரு கப்பல் நிறைய மக்களை ஏற்றி அனுப்புகிறார்கள். தலைமுறைகள் கடந்து வேலை முடிகிறது. இவர்கள் எங்கள் ஆட்களல்ல, வந்த இடத்துக்கே போகட்டும் என்கிறது அந்தக் கோள். இங்கிருந்து போனதாகப் பதிவே இல்லை என்கிறது புறப்பட்ட கோள். இரண்டு பக்கத்துப் பதிவேட்டிலும் அந்தக் கப்பலுக்கு நேரே ‘வெறுங்கலம், பயணிகள் இல்லை’ என்றே இருக்கிறது. உள்ளே தண்ணீருக்குப் பொறுப்பான பெண், எல்லார் வேர்வையையும் கண்ணீரையும் மூத்திரத்தையும் வடித்து மறுபடி குடிநீராக்குகிறவள், ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீரைச் சோதித்து, இல்லாத மக்கள் இருக்கிறார்கள் என்பதை நிரூபித்துக்கொண்டே போகிறாள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இலங்கையும் இந்தியாவும் ஏற்காததால் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் கடைசிவரை பதில் சொல்லத் தெரியாமல் போய்ச்சேர்ந்த என் தாத்தாவை நான் நினைத்துக்கொண்டேன். அண்ணி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. “தண்ணி சுத்திகரிக்கிற இடம் சரியா வந்திருக்கா தம்பி? அதான் எனக்குப் பயம்” என்றார்.

கண்டியில் வருஷா வருஷம் பரிசு கொடுக்கும் ஓர் இலக்கிய வட்டம் இருக்கிறது. நாவல், சிறுகதை, கவிதை, சமயம், மனையியல், பல்சுவை என்று பிரிவுகள். பல்சுவைக்கு ஒருமுறை எனக்கே கொடுத்தார்கள். போட்டியில் நான் மட்டும் இருந்ததால் நெருக்கமான போட்டி என்று சொல்ல முடியாது. புத்தகம் வெளியாகி இரண்டு வருஷத்துக்குள் அனுப்பலாம், ஆனால் அந்த நூல் ஒரு பரிசு வாங்கிவிட்டால் வேறு பரிசுக்குத் தகுதி போய்விடும் என்பது அவர்களுடைய விதி. அண்ணி முதல் வருஷமே நாவல் பிரிவுக்கு அனுப்பினார். அழைப்பிதழில் மனையியல் என்று வந்தது, பரிசு ஓர் இட்லிப் பானை.

தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. “தம்பி, என் விண்கலத்துல இட்லி அவிச்சிட்டாங்க.”

நடந்ததை ஊகிப்பது எளிது. தலைப்பில் கலம், எழுதியவர் திருமதி. அச்சகத்தார் அட்டையில் வரைந்த விண்கலமோ மூடி போட்ட உருண்டையாக இருந்தது. யாராவது தவறிப்போய் உள்ளே திறந்து பார்த்திருந்தாலும் பிரயோசனமில்லை. நாவலின் முதல் வாக்கியம், ‘கொதிநிலை வந்ததும் அவள் மூடியைத் தளர்த்தினாள்.’ அதற்குமேல் எந்த நடுவருக்குச் சந்தேகம் வரும்?

நான் செயலாளரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப அது சமையல் இல்லையா சேர்?”

“இல்லைங்க. விண்வெளி நாவல்.”

“அடடா. இப்ப மாத்த ஏலாதே. பானையில பேர் வெட்டியாச்சு.”

தமிழிலக்கிய விமர்சனத்தில் இவ்வளவு உறுதியான ஒரு முடிவை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு நூல் என்ன வகை என்பதை வாசித்தவன் சொல்லவில்லை, எழுதியவள் சொல்லவில்லை, பாத்திரக்கடைக்காரர் சொல்லிவிட்டார். வேண்டாமென்றால் மேடையில் வாங்காமல் விடலாம், வாங்காத நூலை அடுத்த வருஷம் நாவலுக்குப் போடலாம் என்று செயலாளர் பெரிய மனதோடு சொன்னார். ஆக, பானையைத் தொட்டால் நாவல் போச்சு. தொடாவிட்டால் இன்னொரு வாய்ப்பு. அண்ணி போவதென்று முடிவெடுத்தார். “வாங்க மாட்டேன் தம்பி. ஆனா ஏன் வாங்கலைன்னு அவங்க முன்னாலயே சொல்லிட்டு வருவேன்.”

இதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை மருமகளுக்குப் பரிசு, அவ்வளவுதான். நாவலப்பிட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். பொன்னாடை, மாலை, பிள்ளைகள், பிளாஸ்க் எல்லாம் வந்தன.

விழாவுக்கு வருவோம். வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். இன்றைய பெண்கள் அடுப்படியை மறந்துவிட்டார்கள், இந்தச் சகோதரி மறக்கவில்லை என்று ஆரம்பித்தார். பானைக்குள் ஒரு பிரபஞ்சம் என்றார். வாசிக்காமலே அவ்வளவு கிட்ட வந்துவிட்ட மனிதரை நான் கண்டதில்லை. பிறகு மினுமினுப்புத்தாள் சுற்றிய பானையை அண்ணியின் கையில் திணித்தார். அண்ணி அதைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஒலிவாங்கியை வாங்கினார்.

“ஐயா, இந்தப் புத்தகத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பக்குவம் எதுன்னு சொன்னா சபைக்கும் பிரயோசனமா இருக்கும்.”

தலைவர் சால்வையைச் சரி செய்தார். “எல்லாமே அருமைம்மா. குறிப்பா அந்த… பலாக்கொட்டைக் கறி. எங்கம்மா வெச்ச மாதிரியே இருந்துச்சு.”

மண்டபம் கைதட்டியது. வெறுங்கலத்தில் பலாமரம் இல்லை. அதில் இருப்பவர்கள் தொட்டியில் வளரும் ஒரு பச்சைக் கூழைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தின்கிறார்கள். தலைவரின் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிறவனைச் சகித்துக்கொள்வேன், நானே செய்கிற தொழில் அது. சொன்ன பொய்யில் தானே உருகி அழுகிறவனைப் பார்த்தால்தான் எழுந்து போய்க் கை கழுவத் தோன்றுகிறது. கைதட்டியவர்களிலும் ஒருவர்கூடப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பது அப்போது விளங்கியது. முன்வரிசையில் அந்த வருஷத்து நாவல் நடுவர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

“இது விண்வெளி நாவல் ஐயா. பலாக்கொட்டை இதுல இல்ல. எனக்கு இந்தப் பரிசு வேணாம். வர்ற வருஷம் நாவலுக்கே போடுறேன்” என்று சொல்லி, பானையைத் தூக்கித் தலைவரின் கதிரையில் உட்காரவைத்துவிட்டு இறங்கினார் அண்ணி. அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பாய்ந்து பிடித்தார். “சகோதரியின் தன்னடக்கத்துக்கு ஒரு பலத்த கைதட்டல்!”

வேனில் எல்லோரும் ஏறிய பிறகுதான் பார்த்தேன். அம்மாவின் மடியில் பானை.

“நீ தன்னடக்கத்துல வெச்சிட்டு வந்துட்டியாம்மா. அந்தத் தலைவர் சேர் வாசல் வரைக்கும் ஓடிவந்து என் கையில குடுத்தாரு. போட்டோவும் புடிச்சாங்க.” அம்மா தாளைக் கிழித்து எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். “நல்ல கனம். எம் மருமக பேரை எவ்வளவு ஆழமா வெட்டியிருக்கான் பாரு. இத விட்டுட்டு வர்றதா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேனின் கூரையைப் பார்த்தேன். அன்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அண்ணியின் பெயர் நிலைக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டவள் அம்மா ஒருத்திதான். அந்த ஆசைதான் நாவலைக் கொன்றது. அண்ணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். “நல்ல பானைதான் அத்தை” என்றார். அம்பிட்டிய ஏற்றம் முடியும்வரை ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவே இல்லை.

பானை அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தது. அடுத்த வருஷம் அண்ணி சொன்னபடியே நாவலுக்கு அனுப்பினார். செயலாளர் எனக்கு அழைத்தார்.

“பரிசு வாங்கியாச்சே சேர். போட்டோ இருக்கு.”

“அதுல இருக்கிறது எங்கம்மா.”

“குடும்பம்தானே.”

“பானையைத் திருப்பித் தர்றோம்.”

“புழங்கின பானையை எப்படிங்க எடுக்கிறது?”

இப்போது அண்ணியின் இரண்டாவது புத்தகம் வந்திருக்கிறது. வெறுங்கலத்து மக்கள் யாரையும் கேட்காமல் ஓர் இடத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த இடத்தைப் பற்றிய நாவல். பெயர் ‘கோள்’. நான் எச்சரித்தேன். “அண்ணி, கோள்னா இவங்களுக்குக் கோள்மூட்டுறதுதான் ஞாபகம் வரும்.” சிரித்தார். “வரட்டுமே. என்ன கோள்னு பாக்கவாவது ஒரு தடவை திறப்பாங்கல்ல.”

திறக்கவில்லை. போன வாரம் அழைப்பிதழ் வந்தது. சிறந்த நாவல், ‘கோள்’. கீழே நடுவர் குறிப்பு: கூட்டுக் குடும்பத்தில் கோள் சொல்பவர்களால் விளையும் துயரத்தைப் பெண்மைக்குரிய நளினத்தோடு சித்திரிக்கிறது. கேட்ட பரிசு கேட்ட பிரிவிலேயே கிடைத்துவிட்டது. ஒரு பக்கத்தைக்கூட யாரும் வாசிக்காமல் இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று நினைத்தபோது, பலாக்கொட்டைக் கறியே தேவலை என்று பட்டது. அதிலாவது ஒரு மனிதருக்குத் தாயின் ஞாபகம் வந்தது.

நேற்று அண்ணி அழைத்தார். “தம்பி, பானையை விளக்கி வைங்க. மேடைக்கு வேணும்.”

“எதுக்கு?”

“ரெண்டு புத்தகத்துலயும் அவங்க வாசிச்ச எழுத்து அதுல வெட்டியிருக்கிறது மட்டுந்தான். திருப்பிக் குடுத்துடுறேன். நாவல் பரிசும் வேணாம்.”

“அம்மா?”

“அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “குடுத்துத் தொலைங்க. ஆனா எனக்கு ஒரு புதுப்பானை வாங்கித் தரணும். அதுல எம் மருமக பேரைச் சரியா வெட்டச் சொல்லு. நாவல்னு வெட்டச் சொல்லு” என்றாள்.

இன்று காலை கடைசி இட்லி இறங்கியதும் பானையை எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். இத்தனை காலத்து மாவு எழுத்துகளுக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. ஓர் ஊசியால் ‘வெறுங்கலம்’ என்ற பெயரை எழுத்து எழுத்தாகக் கிண்டிச் சுத்தமாக்கினேன். அடுத்து அண்ணியின் பெயர். மூன்றாவது வரிக்கு வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அது அவர்கள் எழுதியது. அழுக்கோடேயே போகட்டும்.